முழுசாகத் தெரிந்த விளிம்பு

ஜூன் 3

டேய் ஒட்டகம்,

என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய் என்பது எனக்கு உடனே உறைக்கவில்லை. உன் போன் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆய்வகத்துப் போனிலிருந்து கூப்பிட்டபோது முதல் மணியிலேயே எடுத்தாய். "யாருங்க?" என்றாய். "நான்தான்டா" என்றதும் வைத்துவிட்டாய். சரி, தபால்காரரை எப்படித் தடுக்கிறாய் பார்க்கிறேன் என்று கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் சொன்னது சரியான விஷயம், தப்பான இடம். இதற்கு மேல் இறங்கி வர என்னால் முடியாது. உன் பெண்டாட்டியும் அவள் தம்பியும் பக்கத்து வீட்டுக்காரர்களும் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது. ஆனால் என்ன நடந்தது என்று நினைத்துப் பார். நீ தண்ணீர் டம்ளரை இடது கையால் தட்டிவிட்டாய். துடைத்துவிட்டு வேறு டம்ளர் வைத்தார்கள். அதையும் தட்டிவிட்டு, "யாரு இதை இங்க வச்சது?" என்று எல்லோர் மேலும் எரிந்து விழுந்தாய். அதன் பிறகுதான் நான் உப்புக் கிண்ணத்தைச் சத்தமில்லாமல் உன் இடப்பக்கம் நகர்த்தினேன். நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "உப்பு எங்க?" என்றாய். கிண்ணம் உன் கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

அதனால்தான், "இவனுக்கு அந்தப் பக்கம் பார்வை விட்டுப்போகுது, கண்ணைக் காட்டாம இவனை கிரேன்ல ஏத்தாதீங்க" என்று உளறிவிட்டேன். உன் மச்சான் விளையாட்டாக, "அப்ப இத்தனை நாளா கண்ணு தெரியாத ஆளை நம்பியா கீழ நிக்கிறேன்?" என்று சிரித்தான். நீ சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாய். நான் அடுத்த ரயிலைப் பிடித்தேன்.

கோபத்தை வைத்துக்கொள். எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள். ஆனால் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போய், பார்வை எவ்வளவு அகலத்துக்கு இருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனை வேண்டும் என்று கேள். கிண்ணம் மாதிரி ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து, புள்ளி வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். உன் கொக்கியில் தொங்குவது இரும்பும் பலகையும். உப்புக் கிண்ணம் தெரியாமல் போனால் சாப்பாடு சப்பென்று இருக்கும். ஆள் தெரியாமல் போனால் என்ன செய்வாய்?

அக்கா


ஜூன் 9

இன்ஸ்பெக்டர் அக்காவுக்கு,

பள்ளிக்கூடத்தில் லீவு கேட்டு எழுதியதற்குப் பிறகு நான் எழுதுகிற முதல் கடிதம் இதுதான். போனில் பேசினால் நீ ஜெயித்துவிடுவாய். தாளில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

வருஷா வருஷம் கம்பெனி டாக்டர் கண்ணைப் பார்க்காமல் எங்களை ஏணியில் கால் வைக்க விடமாட்டார். சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டையின் கடைசி வரியை இந்தத் தடவையும் மளமளவென்று படித்தேன். அதற்கும் கீழே பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருந்தது, அதையும் படித்துக் காட்டினேன். டாக்டர் சிரித்துவிட்டார். உன்னைத் தவிர எல்லோருக்கும் என் கண் நன்றாகத்தான் இருக்கிறது.

கிரேன் உச்சியில் இருக்கிற என் கேபினுக்கு நீ வந்ததே இல்லை. மூன்று பக்கமும் கண்ணாடி, காலுக்கடியிலும் கண்ணாடி. ஒரு நாற்காலி, இரண்டு பிடி, ஒரு தண்ணீர் பாட்டில். காற்று அடித்தால் மொத்தமும் ஆடும். அங்கிருந்து கீழே ஒருத்தன் சட்டைப் பையில் கை விட்டால் எனக்குத் தெரியும். மச்சான் ஒரு கையை இறக்கிக் காட்டினால் கொக்கி இறங்கும். இரண்டு கையையும் விரித்தால் நின்றுவிடும். யோசித்துச் செய்கிறதில்லை, அவன் கைக்கு என் கை கட்டுப்பட்டது. இப்படித்தான் பல கட்டிடங்களை ஏற்றிவிட்டிருக்கிறோம். ஒரு செங்கல் தவறி விழுந்ததில்லை.

உனக்கு எதிரில் உட்காருகிற ஆளெல்லாம் ஆராய்ச்சிக்கு வந்த எலி. என் கல்யாணத்தில் என் மாமனார் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தவள் நீ. அந்த மனுஷன் இன்று வரை உன்னைக் கண்டால் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் ஒளித்துக்கொள்கிறார். நீ பற்றவைத்த நெருப்பு இங்கே இன்னும் அணையவில்லை. உன் தம்பி பெண்டாட்டி இப்போது தினம் ஒரு மூலையில் உப்புக் கிண்ணத்தை ஒளித்து வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "என்னடி பாக்குற?" என்றால், "ஒண்ணுமில்ல, அண்ணி சொன்னாங்க" என்கிறாள்.

சில்லறை விஷயத்தைப் பெரிதாக்காதே. டம்ளர் தட்டிவிடாத ஆள் யாராவது இருக்கிறார்களா?

தம்பி


ஜூன் 14

ஒட்டகம்,

பதில் எழுதினாயே, அதுவே போதும். மூன்று தடவை படித்தேன். மாமனார் விஷயத்தில் சிரிப்பு வந்தது, மற்ற இடத்தில் வரவில்லை.

எழுத்து அட்டை நேராகப் பார்க்கிற இடத்தை மட்டும்தான் சோதிக்கும். அந்த நடு இடம் கடைசி வரை கூர்மையாகவே இருக்கலாம். அதைச் சுற்றி வரப்பு கரைகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கும். போகிற இடத்தில் கறுப்பாகத் தெரியும் என்று நினைக்காதே. கறுப்பாகத் தெரிந்தால் பிழைத்தோம், ஓடிப்போய் டாக்டரைப் பார்ப்போம். எதுவுமே குறைந்த மாதிரி தெரியாது.

ஏன் என்று உனக்குச் சொல்ல இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். மூன்று கறுப்பு வட்டம். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வெட்டி எடுத்த மாதிரி வாய் திறந்திருக்கிறது, வாய்கள் ஒன்றையொன்று பார்க்கின்றன. நடுவில் ஒரு வெள்ளை முக்கோணம் தெரிகிறதா? அதன் ஓரம் தெரிகிறதா? சுற்றியிருக்கும் தாளைவிட அது கொஞ்சம் பளிச்சென்றுகூட இருக்கும். இப்போது அதில் இரண்டு வட்டத்தை விரலால் மூடு. முக்கோணம் காணாமல் போகும். நான் அங்கே எந்தக் கோடும் போடவில்லை. வெறும் தாள்.

என் வேலை முழுக்க இந்த இல்லாத கோட்டைச் சுற்றித்தான். பிடரிக்குள்ளே, மூளையின் பின்பக்கத்தில், விளிம்பைக் கண்டுபிடிப்பதற்கென்றே செல்கள் இருக்கின்றன. அவற்றில் சில, தங்களுக்கு எதிரே கோடே இல்லாவிட்டாலும், இரண்டு பக்கமும் ஒரே நேர்க்கோட்டில் கோடு வந்து நின்றால் நடுவிலும் இருக்கிறது என்று குரல் கொடுத்துவிடும். அது தப்பில்லை. அது இல்லாவிட்டால் வேலிக்குப் பின்னால் நிற்கும் பூனையைத் துண்டு துண்டாகத்தான் பார்ப்போம். கிடைத்த முனைகளை இணைத்து உலகத்தை முழுசாக்கித் தருவது அதன் தொழில். ஆனால் பார்வை போன இடத்திலும் அது அதே தொழிலைத்தான் செய்யும். மேசையின் ஓரத்தை இழுத்து மூடும், மேசைத் துணியின் நிறத்தைப் பூசும். அங்கே இருந்த டம்ளரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

நம் அப்பா கடைசி காலத்தில் கதவு நிலையில் இடித்துக்கொண்டே இருந்தார், ஞாபகமிருக்கிறதா? வயசாகிவிட்டது என்று நாம் கேலி செய்தோம். எனக்கு இப்போது அது மனசை அரிக்கிறது. வேலையில் உட்கார்ந்தால் ஓடவில்லை. போய்ப் பாரேன்.

அக்கா


ஜூன் 20

அக்கா,

உன் படத்தை வேலை நடக்கிற இடத்துக்குக் கொண்டுபோனேன். தேநீர் நேரத்தில் எல்லோரும் பார்த்தார்கள். கம்பி கட்டுகிறவன், பெயிண்டர், வாட்ச்மேன், ஒருத்தர் விடாமல் எல்லோருக்கும் முக்கோணம் தெரிந்தது. மச்சான் பந்தயம் கட்டி, பிளேடு வைத்து அந்த முக்கோணத்தைத் தனியாக வெட்டி எடுத்தான். எடுத்ததும் அது வெறும் வெள்ளைத் தாள். "உங்க அக்கா நம்மளை நல்லா ஏமாத்திட்டாங்க மாமா" என்று அதை என் சட்டைப் பையில் செருகினான்.

ஆக, எல்லோர் மூளையும் கோடு போடுகிறது. எனக்கு மட்டும் ஏன் ஆஸ்பத்திரி? கம்பெனியில் காதில் விழுந்தால், கண்ணில் கோளாறு இருக்கலாம் என்ற பேச்சே என்னைக் கீழே இறக்கிவிடும். கீழே நான் யார்? சிமெண்ட் மூட்டை எண்ணுகிறவன். மேலே இருக்கும்போதுதான் எனக்கு நான் யார் என்று தெரிகிறது. இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

கட்டிடம் முடியட்டும். அப்புறம் பார்க்கலாம்.

தம்பி


ஜூன் 28

அக்கா,

இந்தத் தடவை கிண்டல் இல்லை. உன் உதவி வேண்டும்.

இந்த வாரம் மேல்தளத்தின் ஓரத்தில் பலகைக் கட்டு ஒன்றை இறக்கினேன். மச்சானின் வாக்கி-டாக்கி சார்ஜ் இல்லாமல் ஊமையாகிவிட்டது, அதனால் கை சைகையில்தான் வேலை. இறக்கு என்று காட்டினான். கட்டின்மேல் கண்ணை வைத்து மெதுவாக இறக்கினேன். தளத்தின் விளிம்பு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி இருந்தது. அதன்மேல் ஒரு ஈ காக்கா இல்லை. திடீரென்று கீழே எல்லோரும் ஓடுகிறார்கள். கட்டு சாய்ந்து கிடக்கிறது, பக்கத்தில் மச்சான் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், அவன் ஹெல்மெட் எங்கேயோ உருண்டுவிட்டது. கம்பி கட்டுகிறவன் இடுப்பைப் பிடித்து இழுக்காவிட்டால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். தோள் எலும்பில் விரிசல். கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

ஓடி இறங்கிப் போய், "கட்டுக்கு அடியில எதுக்குடா போன?" என்று அடிக்காத குறையாகக் கேட்டேன். அவன் சொல்கிறான்: "நான் எங்கயும் போகல மாமா. ஓரத்துலயேதான் நின்னேன். கட்டு சாயுதுன்னு ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டிக்கிட்டே இருந்தேன். நீங்க என் பக்கம் பாத்துக்கிட்டேதான் இறக்குனீங்க."

பச்சைப் பொய். பயத்தில் புளுகுகிறான். அங்கே ஆள் நின்றிருந்தால் விளிம்பு மறைந்திருக்குமே, எனக்கு அது உடையாமல் முழுசாகத் தெரிந்ததே! கிரேனைப் பூட்டிவிட்டார்கள். ஜூலை எட்டாம் தேதி விசாரணை. தொங்குகிற சுமைக்கு அடியில் போனவனுக்கு இங்கே மறுபடி வேலை கிடையாது, அதுதான் சட்டம். நான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னால் மச்சான் வீட்டுக்குப் போவான். சொல்லாவிட்டால் நான் போவேன்.

தம்பியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவன் வீட்டுக்குப் போன என் பெண்டாட்டி திரும்பி வரவில்லை. "அவன் பொய் சொல்ல மாட்டான். அண்ணி சொன்னது உண்மையா இருந்தா?" என்று ஒரே பாட்டு. அவளுக்கு உன் வார்த்தைதான் வேதம். நீ அவளுக்கு ஒரு வரி எழுது. இவ்வளவு தூரத்தில் ஒரு விளிம்பை முழுசாகப் பார்க்கிறவன் கண்ணில் எந்தக் குறையும் இருக்க முடியாது என்று எழுது. விளிம்பைப் பற்றி உன்னைவிடத் தெரிந்தவர் யார்?

தம்பி


ஜூலை 1

கண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். உட்கார முடியவில்லை. இப்போது நின்றுகொண்டேதான் எழுதுகிறேன், கையெழுத்து அதனால்தான் இப்படி இருக்கிறது.

நீ கேட்டதை என்னால் எழுத முடியாது. நீ சாட்சியாகச் சொல்கிற அந்த விளிம்புதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. மங்கலாகத் தெரிந்தது என்றோ, வெயில் கண்ணைக் கூசியது என்றோ நீ எழுதியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி இருந்தது என்கிறாய். அங்கே ஒரு ஆள் கை விரித்து நின்றிருக்கிறான், தளத்தின் ஓரம் அவனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உன் பார்வையில் விழுந்திருக்கிறது, நடுவில் உன் மூளை கோட்டை இழுத்துவிட்டது. முக்கோணத்துக்குப் போட்ட அதே கோடு. அந்தக் கோட்டுக்கு அடியில் உன் மச்சானை வைத்து மூடிவிட்டது.

நீ பொய் சொல்லவில்லை. அவனும் பொய் சொல்லவில்லை. இதை முதலில் நம்பு. எட்டாம் தேதி நீ அங்கே உட்கார்ந்து, விளிம்பு முழுசாகத் தெரிந்தது என்று சத்தியம் செய்வாய். உன் முகத்தைப் பார்த்தால் யாரும் நம்புவார்கள், ஏனென்றால் நீ நிஜமாகவே பார்த்தாய். உன்னை நம்பி நின்றவன் வேலை போய் நிற்பான். அடுத்த நாள் நீ மறுபடி ஏணி ஏறுவாய். வேறு யாரோ ஒருவன் கீழே நிற்பான். அவனை இழுக்கப் பக்கத்தில் ஆள் இருக்குமா?

விசாரணைக்கு முன்னால் அந்தப் பரிசோதனையைச் செய்துகொள். நான் ஒன்று சொல்கிறேன், மிரட்டல் என்றே வைத்துக்கொள். உன் கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி யார் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். நீ போகாவிட்டால் நானே அவரிடம் பேசுவேன். நீ என்னை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டாய் என்று தெரியும்.

அக்கா


ஜூலை 4

எழுதாதே. பேசாதே. கூடப் பிறந்தவள் செய்கிற காரியமா இது? என் சோற்றில் கை வைக்க வெளியிலிருந்து ஆள் வேண்டியதில்லை, நீயே போதும்.

ஞாயிற்றுக்கிழமை உன் வாயை அடைக்கிறேன். எப்படி என்று பார்.


ஜூலை 5

ஒட்டகம்,

உன்னிடமிருந்து பதில் வருமா வராதா என்று தெரியாமல் எழுதுகிறேன்.

இன்று அந்த அதிகாரிக்குப் போன் செய்தேன். எடுத்தார். நல்ல மனுஷன் குரல். "சொல்லுங்கம்மா" என்றார். "தப்பான நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் மாடிப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். ஆய்வகத்தில் வேலை செய்யும் பெண் பார்த்துவிட்டு, ஆராய்ச்சியில் ஏதோ கணக்குத் தப்பிவிட்டது என்று நினைத்து ஆறுதல் சொன்னாள்.

மிரட்டத் தெரிகிறது, செய்யத் தெரியவில்லை. நான் சொன்னால் அவர்கள் உன்னை இறக்கிவிடுவார்கள். நீயாக இறங்கினால்தான் நீ நீயாக இருப்பாய். ஆனால் நீ இறங்காமல், நாளைக்கு ஒருத்தன் செத்தால், நான் பேசாமல் இருந்ததற்கு என்ன பதில் சொல்வேன்? இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. சாப்பிடப் பிடிக்கவில்லை.

விசாரணை நாள் காலை வரை காத்திருப்பேன். அப்போது மறுபடி அந்த நம்பரைப் போடுவேன், இந்தத் தடவை பேசிவிடுவேன். இதை உனக்குத் தெரியாமல் செய்ய மாட்டேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அக்கா


ஜூலை 9

அக்கா,

நேற்றுக் காலை நீ அந்த அதிகாரிக்குப் போன் செய்தபோது அவர், "உங்க தம்பி இப்பதான் என் எதிர்ல உக்காந்து எல்லாத்தையும் சொல்லிக்கிட்டிருக்காரு" என்று சொன்னார். அவர் போனை வைத்துவிட்டு, "உங்க அக்கா அழறாங்க" என்றார். நீ என்ன நினைத்தாயோ தெரியாது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டுக்குப் போனேன். என் பெண்டாட்டி கதவைத் திறந்து வழி மறித்து நின்றாள். அவளைத் தாண்டி உள்ளே பார்த்து, "டேய், நீ நின்ன இடத்துல வந்து நில்லு. நான் மேல ஏறிப் பாக்குறேன். பொய் சொன்னது யாருன்னு இன்னைக்குத் தெரிஞ்சிடும்" என்றேன். அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தான். வாட்ச்மேன் முதலில் மாட்டேன் என்றார். கிரேன் பூட்டியிருக்கிறது, சும்மா ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவேன் என்று கெஞ்சினேன். விட்டார்.

இந்தத் தடவை வாக்கி-டாக்கி சார்ஜ் ஏற்றியது. கேபினில் உட்கார்ந்து, அன்றைக்குக் கட்டு இறங்கிய இடத்தில் அப்படியே கண்ணை நிறுத்தினேன். தளம் காலியாக இருந்தது. விளிம்பு அன்று போலவே நேராக, சுத்தமாக ஓடியது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. இவன் இன்னும் படியேறி முடிக்கவில்லை போலிருக்கிறது என்று காத்திருந்தேன். பொறுமை போய், "எங்கடா இருக்க? சீக்கிரம் வந்து நில்லு" என்றேன்.

"நின்னுக்கிட்டுதான் இருக்கேன் மாமா" என்றான்.

"எங்க?"

"அதே இடத்துல. வந்து ரொம்ப நேரமாச்சு. கையைத் தூக்கிக் காட்டிக்கிட்டு இருக்கேன்."

நான் கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினேன். அக்கா, வெறும் விளிம்பாக இருந்த இடத்தில் அவன் நின்றான். ஒரு கை தொட்டிலில், ஒரு கை மேலே. எங்கிருந்தும் நடந்து வரவில்லை. நின்றவன் நின்றபடி இருந்தான். மறுபடி கண்ணைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோனேன், போய்விட்டான். கோடு மூடிக்கொண்டது. எத்தனை தடவை அப்படிச் செய்து பார்த்தேன் என்று தெரியவில்லை. அவன் கையை இறக்கவே இல்லை. "தெரியுறேனா மாமா?" என்று கேட்டான். "கையை இறக்குடா, வலிக்கப்போகுது" என்றேன்.

இறங்கி வர ரொம்ப நேரமாயிற்று. ஏணியில் ஒவ்வொரு படியையும் காலால் தடவித் தடவி இறங்கினேன். எது நிஜமான படி, எது என் மூளை போட்ட படி என்று சந்தேகம் வந்துவிட்டது. கீழே வந்து அவன் நல்ல தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவன் என்ன செய்வதென்று தெரியாமல், "விடுங்க மாமா, நான் கறுப்பா இருக்கேன்ல, அதான் தெரியல" என்றான். அழுகையோடு சிரிப்பு வந்தது.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்கு என் பெண்டாட்டிதான் கூட்டிப்போனாள். நீ சொன்ன கிண்ணம்தான். புள்ளி வெளிச்சம் வந்தது, அழுத்தினேன், வந்தது, அழுத்தினேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. மெஷின் நின்றுவிட்டது என்று சும்மா உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் அந்தப் பெண்ணிடம், "நடுவுல மெஷின் ரிப்பேர் ஆயிடுச்சு போல" என்றேன். அவள் என் பெண்டாட்டியைப் பார்த்தாள். "நிக்கவே இல்லைங்க" என்றாள்.

கண் அழுத்த நோய். இரண்டு கண்ணிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் போயிருக்கிறது, அதனால் ஒன்றுக்கு ஒன்று உதவி செய்ய முடியவில்லை. போனது போனதுதானாம். தினம் சொட்டு மருந்து விட்டால் மிச்சம் நிற்கும். முன்னாலேயே வந்திருந்தால் இன்னும் நிறைய மிஞ்சியிருக்கும் என்றார் டாக்டர். நீ சொன்னபோதே வந்திருந்தால் என்று என் காதில் விழுந்தது.

விசாரணையில், "நான் பார்த்த விளிம்பு அங்க இல்லைங்க. அங்க இவன்தான் இருந்தான்" என்றேன். விசாரிக்க வந்த மூன்று பேரும் விழித்தார்கள். சட்டைப் பையில் தடவினால் அன்று மச்சான் செருகிய வெள்ளைத் தாள் இல்லை, துவைத்ததில் போய்விட்டது. வேறு தாளில் நானே மூன்று வட்டம் வரைந்து காட்டினேன். மச்சான் மேல் குற்றமில்லை என்று எழுதிக்கொண்டார்கள். என் கிரேன் சாவியை நானே மேசைமேல் வைத்தேன். வேறு என்ன வேலை தருவார்கள் என்று இன்னும் சொல்லவில்லை. வாசலில் நின்று மேலே பார்த்தேன். கேபின் காலியாக இருந்தது. உண்மையிலேயே காலியா என்று கண்ணை நகர்த்திப் பார்த்துக்கொண்டேன். இனிமேல் எதைப் பார்த்தாலும் இப்படித்தான் போலிருக்கிறது.

உன்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. ஆனால் உன் நம்பரைத் திறந்துவிட்டேன்.

இன்னொன்று. அந்த டாக்டர் கடைசியில் கேட்டார்: "கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா? இது குடும்பத்துல வர்றது. அவங்களும் பாத்துக்கணும்." "எங்க அக்காவுக்கு இதுதாங்க தொழிலே, அவங்க பாத்திருப்பாங்க" என்றேன். பார்த்திருக்கிறாய்தானே?

தம்பி


ஜூலை 14

ஒட்டகம்,

நம்பர் திறந்திருக்கிறது என்று தெரிந்தும் கடிதமே எழுதுகிறேன். போனில் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

நீ உன் மச்சான் எதிரே அழுத இடத்தைப் படித்து நானும் அழுதேன். உன்னை நினைத்துப் பெருமையாக இருக்கிறது. எனக்கு அதைச் சொல்லிப் பழக்கமில்லை, அதனால் ஒரு தடவைதான் சொல்வேன். உன் பெண்டாட்டி போன் செய்தாள். சொட்டு மருந்தை நீ கன்னத்தில் விட்டுக்கொள்கிறாயாம், இனி அவள்தான் விடப்போகிறாளாம். சரி என்று தலையைக் காட்டு, அடம் பிடிக்காதே.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். பார்க்கவில்லை.

என் ஆய்வகத்து நடைவழியிலேயே அந்த மெஷின் ஒன்று நிற்கிறது. எத்தனையோ பேரை அதன் முன்னால் உட்கார வைத்து, "பயப்படாதீங்க, வெளிச்சம் தெரிஞ்சா அழுத்துங்க" என்று நானே சொல்லியிருக்கிறேன். என் முகத்தை அதற்குள் ஒரு நாளும் வைத்ததில்லை. அப்பாவை நினைத்தேன், உன்னை நினைத்தேன், என்னைக் கணக்கில் சேர்க்கவே தோன்றவில்லை. உன் கடிதம் வந்த பிறகு தினமும் அதைத் தாண்டிப் போகிறேன். இப்போதெல்லாம் சுற்றிக்கொண்டு பின்பக்கப் படியில் ஏறுகிறேன். ஆய்வகத்துப் பெண் ஏன் என்று கேட்டதற்கு, படி ஏறுவது உடம்புக்கு நல்லது என்று சொல்லிவைத்தேன்.

போன மாதம் காரை நிறுத்தும்போது தூணில் உரசினேன். தூண் தப்பான இடத்தில் கட்டப்பட்டிருக்கிறது என்று வாட்ச்மேனிடம் சண்டை போட்டேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

என் அறையில் உட்கார்ந்து சுற்றிப் பார்க்கிறேன். ஜன்னலின் நான்கு ஓரமும் இருக்கின்றன. கதவு, அலமாரி, மேசை, எதன் விளிம்பிலும் ஒரு இடைவெளி இல்லை. முன்பெல்லாம் இதைப் பார்த்தால் நிம்மதியாக இருக்கும். இப்போது எல்லாம் இவ்வளவு முழுசாகத் தெரிவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரியில் நேரம் வாங்கியிருக்கிறேன். தனியாகப் போக முடியாதுடா. நீ வா.

அக்கா